ஒன்பதாம் அதிகாரம்

எப்படித் தூங்குவது என்று எங்கள் சபையில் வகுப்பு எடுத்தவர் என் பெரியப்பா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம், அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கென்று சர்ச்சில் ஒரு கூட்டம் நடக்கும். பாட்டு, ஜெபம், டீ, ஆளுக்கு ரெண்டு பிஸ்கட். அதில் பெரியப்பா எழுந்து நின்று, ஒரு விசுவாசி ராத்திரி எப்படிப் படுக்கப் போக வேண்டும் என்று விரல் விட்டு எண்ணிச் சொல்வார். எட்டு மணிக்கு டிவியை அணைக்க வேண்டும். கால் கழுவ வேண்டும். யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் படுப்பதற்குள் அதை முடித்துவிட வேண்டும். வேதம் வாசித்து, முழங்கால் போட்டு ஜெபித்து, பாரத்தையெல்லாம் ஆண்டவர் மேல் போட்டுவிட வேண்டும். அப்புறம் தலையணையில் தலை படுவதுதான் தெரியும், எனக்கு அப்படித்தான் என்று முடிப்பார். சர்க்கரை, மூட்டுவலி, பிள்ளைகள் போன் பண்ணாத கவலை என்று விடிய விடியப் புரளுகிறவர்கள் அவரை ஏக்கத்தோடு பார்ப்பார்கள்.

பெரியப்பா என் அப்பாவுக்குப் பதினெட்டு வயது மூத்தவர். பெரியம்மா சீக்கிரமே போய்விட்டார், பிள்ளைகள் இல்லை, அதனால் எங்களோடுதான் இருந்தார். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் முப்பது வருஷம் சூளை பார்த்தவர். சூளையைப் பற்றவைத்துவிட்டால் நடுவில் விட்டுவிட்டு வீட்டுக்கு வர முடியாது. ராத்திரி முழுக்க யாராவது ஒருவர் சூட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த யாராவது ஒருவர் பெரும்பாலும் பெரியப்பாதான். ரிட்டயர் ஆனபோது, மேலெல்லாம் கொப்புளம் கொப்புளமாக வந்ததால் கழித்துப் போட்ட ஒரு பீங்கான் ஊறுகாய் ஜாடியைக் கேட்டு வாங்கி வந்தார். அதில் எலுமிச்சங்காய் போட அம்மாவுக்கு ஒரே ஆசை. பெரியப்பா அதில் வாக்குத்தத்தக் கார்டுகளைப் போட்டுவிட்டார்.

வாக்குத்தத்தக் கார்டு என்பது விரல் நீள அட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு வசனம் இருக்கும், கீழே அது எந்த அதிகாரம் என்ற குறிப்பு இருக்கும். ராத்திரி ஜெபத்துக்கு முன்னால் பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு ஜாடிக்குள் கையை விட்டு ஒன்றை எடுப்பார். அது அன்றைக்கு ஆண்டவர் எங்கள் வீட்டுக்குச் சொல்லி அனுப்பியது. மறுபேச்சு கிடையாது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பெரியப்பாவின் அறையில் தரையில் பாய் போட்டுப் படுப்பேன். விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரத்தில் கட்டில் பக்கமிருந்து சரக் என்று ஒரு சத்தம் வரும். பெரியப்பா எனக்குத் தெரியாமல் சாக்லெட் பிரித்துத் தின்கிறார் என்று முடிவு கட்டியிருந்தேன். இவ்வளவு நல்ல மனுஷன் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இப்படி இருக்கிறாரே என்று எனக்கு மனத்தாங்கல். கேட்கவும் கூச்சமாக இருந்தது.

ராத்திரி ஜெபத்துக்கு அத்தையும் வருவார். பெரியப்பாவுக்கு அடுத்துப் பிறந்தவர், மாமா இறந்தபின் ரெண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தார். முப்பது வருஷம் ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். வேதத்தில் எதைக் கேட்டாலும் எந்தப் பக்கம் என்று புரட்டாமலே சொல்லுவார். எட்டு மணி ஆனால் ஒரு கையில் டார்ச் லைட்டும் ஒரு கையில் மல்லாட்டை, அதாவது வேகவைத்த வேர்க்கடலை, டப்பாவுமாக வந்து நிற்பார். ஜெபம் முடிந்தால்தான் மல்லாட்டை. அதனால் ஜெபம் எப்போது முடியும் என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு. ஆனால் அத்தை கண்ணை மூடிவிட்டால் ஊரில் ஒருவரையும் விடமாட்டார். மங்கலம்பேட்டையிலிருந்து துணி கொண்டுவந்து விற்கும் பாயின் மகனுக்குத் துபாயில் வேலை நிலைக்க வேண்டும் என்பது வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்புவார்.

அந்த நல்ல வாய்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

சனிக்கிழமைகளில் பெண்களுக்கு உபவாச ஜெபம் நடக்கும். அதில் ஒவ்வொருவராக எழுந்து ஜெபக்குறிப்பு கொடுப்பார்கள். சாதாரணமாகச் சொன்னால் புறணி ஆகிவிடும் விஷயத்தைக்கூட ஜெபக்குறிப்பாகச் சொன்னால் தோஷமில்லை என்பது எங்கள் சபையில் எழுதாத சட்டம். ஒரு சனிக்கிழமை அத்தை எழுந்து, கண்ணில் தண்ணீரோடு, எங்கள் அண்ணன் தூக்க மாத்திரை போடாமல் ஒரு ராத்திரிகூடத் தூங்குவதில்லை, சூளைக்குக் கண் விழித்த உடம்பு, எல்லாரும் பாரத்தோடு ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். பெரியப்பா அவரிடம் மட்டும், தாங்க முடியாமல் என்றைக்கோ சொன்ன ரகசியம் அது.

மறுநாள் ஆராதனை முடிந்து வெளியே வந்தோம். ஒருவர் ஜாதிக்காயைப் பாலில் உரைத்துக் குடிக்கச் சொன்னார். ஒருவர் கசகசா சொன்னார். போதகர் பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை. முதல் வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வரும் ஒரு தாத்தா, பெரியப்பா எண்ணுவது போலவே விரல் விட்டு எண்ணிக் காட்டிவிட்டுச் சிரித்தார். பெரியப்பாவின் முகம் சுட்ட செங்கல் மாதிரி ஆகிவிட்டது. எனக்கோ, சாக்லெட் இல்லையா என்ற ஆச்சரியத்தில் வேறு எதுவும் ஓடவில்லை.

அன்று ராத்திரி எட்டு மணிக்கு டார்ச் லைட் வந்தது. பெரியப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அத ஆண்டவர்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம்ல, பாப்பா?"

"ஆண்டவர்கிட்டதாண்ணே சொன்னேன்."

"அம்பது பொம்பளைங்கள பக்கத்துல வச்சிக்கிட்டா?"

அத்தைக்கும் ரோஷம் வந்துவிட்டது. உங்களுக்காக அழுதது ஒரு குற்றமா என்று கேட்டுவிட்டு, மல்லாட்டை டப்பாவைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் டார்ச் லைட் வரவில்லை. அதற்கடுத்த முதல் வெள்ளிக்கிழமை பெரியப்பா கூட்டத்துக்குப் போகவில்லை. ரெண்டு மாசம் இப்படியே ஓடியது. டிவியை அணைத்தார், கால் கழுவினார், வாசித்தார், ஜெபித்தார். பட்டியலில் அந்த மனஸ்தாபம் ஒன்றை மட்டும் தாண்டிக் குதித்துப் படுக்கப் போனார். மாத்திரை போட்டும் இப்போது தூக்கம் வரவில்லை. கட்டில் கிறீச்சிடுவதும், பெருமூச்சு விடுவதும், எழுந்து உட்காருவதும் எனக்குக் கேட்கும்.

இதற்கு நடுவில் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. ஒரு கண்ணில் செய்தார்கள், இன்னொன்றில் ஏற்கெனவே பார்வை மங்கல். கறுப்புக் கண்ணாடி போட்டு அனுப்பி, கண்ணாடி மாற்றித் தரும்வரை எதையும் படிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அப்படியானால் வாக்குத்தத்தம் யார் வாசிப்பது? அப்பா கடையை மூடிவிட்டு வர நேரமாகும், அம்மாவுக்கு அடுப்படி வேலை. பெரியப்பா என்னைக் கூப்பிட்டார்.

அடடா, அந்தப் பதவி எனக்குக் கொடுத்த குஷி. வகுப்பு லீடரானபோதுகூட அப்படி இருந்ததில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு முகம் கழுவி, தலை வாரி, ஜாடிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்காருவேன். பெரியப்பா எடுத்துத் தரும் கார்டைத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசிப்பேன். நான் வாசித்ததும் பெரியப்பாவும், அடுப்படியிலிருந்து வந்து நிற்கும் அம்மாவும் தலை குனிந்து "ஸ்தோத்திரம்" என்பார்கள். என் வாயிலிருந்து எது வந்தாலும் இவர்கள் இப்படித்தான் சொல்வார்கள் என்பது எனக்கு நாலாம் நாளே உறைத்துவிட்டது. ஆனாலும் ஒழுங்காகத்தான் வாசித்தேன்.

ரெண்டாவது வாரம் அம்மா ஒரு செய்தி கொண்டு வந்தார். அத்தை வீட்டைக் காலி செய்துகொண்டு சேலத்தில் மகனிடம் போகிறார், ஒரேயடியாக. நாளைக் காலை பாசஞ்சரில். எனக்குப் பக்கென்றது. எங்கள் குடும்பத்தில் யார் ஊரைவிட்டுப் போனாலும், மூத்தவர் தலையில் கை வைத்து ஜெபித்துத்தான் அனுப்புவார். நான் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பிச்சாவரம் போனபோதுகூட அந்தக் கை என் தலையில் இருந்தது. அது இல்லாமல் அத்தை சேலத்துக்குப் போவதா? அம்மா அன்றைக்கு மூன்று தடவை ரெண்டு தெருவுக்கும் நடந்தார். அவரு கூப்புட்டா வரேன் என்றார் அத்தை. அவ வந்தா வேணாம்னா சொல்லப்போறேன் என்றார் பெரியப்பா. ரெண்டு பேரும் அதற்கு மேல் ஒரு அங்குலம் நகரவில்லை. அம்மா வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, இனி இவர்கள் பாடு என்று தோசை வார்க்க உட்கார்ந்துவிட்டார்.

எட்டு மணி. அன்றைக்கு அப்பாவும் சீக்கிரம் வந்திருந்தார். பாட்டு முடிந்தது. பெரியப்பா ஜாடிக்குள் கையை விட்டு, துழாவி, ஒரு கார்டை எடுத்து என்னிடம் நீட்டினார். ஆண்டவர் இன்றைக்கு எப்படியும் அத்தையைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார் என்று நம்பிப் பார்த்தேன். மழையையும் விளைச்சலையும் பற்றி என்னவோ இருந்தது. எனக்கு வந்ததே கோபம். இங்கே வீடு இரண்டாகக் கிடக்கிறது, இப்போதா மழை?

நான் வாயைத் திறந்தேன்.

"நீ எழுந்து உன் சகோதரியின் வீட்டுக்குப் போ. அவள் தூரதேசத்துக்குப் போகுமுன்னே அவள் சிரசின்மேல் உன் கையை வைப்பாயாக. அப்பொழுது உனக்கு நித்திரை வரும்."

சேலம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் சேலம் இருந்திருக்குமோ என்னவோ என்ற சந்தேகத்தில் கடைசி நொடியில் தூரதேசம் ஆக்கினேன். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. அம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. அப்பா தரையில் இல்லாத எறும்பைத் தேடினார். பெரியப்பா கறுப்புக் கண்ணாடியை என் பக்கம் திருப்பினார்.

"எந்த அதிகாரம் குட்டி?"

இதை நான் யோசித்து வைக்கவில்லை. முதலில் ஞாபகத்துக்கு வந்த ஒரு சின்னத் தீர்க்கதரிசியின் பெயரைச் சொல்லி, ஒன்பதாம் அதிகாரம், ரெண்டாம் வசனம் என்றேன். அந்த மனுஷர் எழுதியதே மொத்தம் நாலு அதிகாரம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

"ஒன்பதா?" என்றார் பெரியப்பா. கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். "ஆண்டவரு போன்னா போவணும்ல. வா, கையப் புடி."

எனக்குத் தலை கால் புரியவில்லை. அவர் லுங்கியை மாற்றவில்லை, சட்டைப் பொத்தான் பாதிதான் போட்டார். ராத்திரி எட்டரை மணிக்குக் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவரை ஒரு சின்னப் பெண் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்து டீக்கடையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பள்ளம் பெரியப்பா, கல்லு பெரியப்பா, மாடு பெரியப்பா என்று நான் கத்திக்கொண்டே போனேன். அப்பாவும் அம்மாவும் பின்னால் வந்தார்கள். பின்னாலிருந்து அம்மாவின் இருமல் விடாமல் கேட்டது.

அத்தை வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அத்தை சத்தமாக ஜெபித்துக்கொண்டிருந்தார். யாராவது ஜெபத்தில் இருக்கும்போது குறுக்கே கூப்பிடக் கூடாது, எங்கள் வழக்கம் அது. பெரியப்பா வாசலிலேயே நின்றார். அத்தையின் ஜெபம் மங்கலம்பேட்டை, துபாய் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் காலடிச் சத்தம் கேட்டிருக்க வேண்டும், சட்டென்று நின்றது. பிறகு குரல் மாறி மறுபடியும் ஆரம்பித்தது.

"ஆண்டவரே, வாசல்ல யாரோ வந்து நிக்கிறாங்க. எங்க அண்ணன்னா உள்ள வரச் சொல்லுங்கப்பா."

பெரியப்பா வெளியில் நின்றபடியே கண்ணாடிக்குள் கண்ணை மூடிக்கொண்டார். கையைக் குவித்தார்.

"ஆண்டவரே, கதவு தாப்பா போட்டிருக்குது. தொறக்கச் சொல்லுங்க."

"ஆண்டவரே, நான் சொன்னது தப்புதான். அவரு படுற கஷ்டத்தப் பாத்து மனசு கேக்காம சொல்லிட்டேன்."

"எனக்குத் தெரியும், ஆண்டவரே. எனக்குத்தான் வெக்கமாப் போச்சி. தூங்காதவன் தூங்குற மாதிரி ஊருக்குப் பாடம் சொன்னேன்ல."

பேசாத ரெண்டு பேர் நடுவில் ஆண்டவரை வைத்து ஒரு மூடிய கதவுக்கு இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு நடுவில் ஆமென் சொல்ல வேண்டுமா கூடாதா என்று குழப்பம். சொல்லிவைத்தேன். கதவு திறந்தது. மூட்டை முடிச்சுகளுக்கு நடுவில் அத்தை அழுதுகொண்டு நின்றார்.

எப்படிண்ணே வந்தீங்க என்று அத்தை கேட்டார். பெரியப்பா ரொம்ப சகஜமாக, இன்னைக்கு வாக்குத்தத்தம் வந்தது என்று சொல்லி, நான் வாசித்ததை ஒரு வார்த்தை மாறாமல் ஒப்பித்தார். ஒன்பதாம் அதிகாரம், ரெண்டாம் வசனம் என்பதையும் விடவில்லை. அத்தை என்னைப் பார்த்தார். முப்பது வருஷம் பிள்ளைகளைப் பரீட்சை எழுத வைத்துப் பார்த்த பார்வை. நான் பெரியப்பாவின் லுங்கிக்குப் பின்னால் போய்விட்டேன்.

"ஆமாண்ணே," என்றார் அத்தை. "அந்த ஒன்பதாம் அதிகாரம் எனக்கும் ரொம்பப் புடிக்கும்."

அப்பாடா, இருக்கிறதாமே. எனக்குத் தெரியாமலே உண்மையைச் சொல்லியிருக்கிறேன். ஆண்டவர் என் நாக்கைப் பிடித்துத் திருப்பியிருக்கிறார் என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. பெரியப்பா அத்தையின் நரைத்த தலையில் கை வைத்தார். நீளமாக ஜெபிப்பவர் அன்றைக்கு நாலே வரிதான் சொன்னார். முடிந்ததும் அத்தை அவர் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்து, மாத்திரைய நேரத்துக்குப் போடுங்கண்ணே, அதுவும் ஆண்டவர் குடுத்ததுதான் என்றார். அப்புறம் மூட்டைக்குள்ளிருந்து மல்லாட்டை டப்பா வெளியே வந்தது.

வீடு திரும்பியதும் பெரியப்பா ஒரு காரியம் செய்தார். விளக்கு எரியும்போதே, எல்லோர் முன்னாலும் மாத்திரையைப் பிரித்து, இதுக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று சொல்லி, வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அதற்கப்புறம் இருட்டில் சரக் என்ற சத்தம் எங்கள் வீட்டில் கேட்டதே இல்லை. இன்னொன்றும் செய்தார். இன்னைக்கு வாசிச்ச கார்ட குடு குட்டி, சட்டப் பையில வச்சிக்கிறேன் என்றார். மழைக் கார்டைத்தான் கொடுத்தேன், வேறு என்ன செய்ய? அவர் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

மறுநாள் பெரியப்பா எழுந்திருக்கவே இல்லை. உலுக்கி உலுக்கி எழுப்பி, எல்லாரும் ஜங்ஷனுக்கு ஓடியபோது வண்டி கிளம்பிவிட்டது. அத்தை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினார். ராத்திரியே கை வைத்தாயிற்று, அதனால் யாருக்கும் குறையில்லை. பெரியப்பா பிளாட்பாரத்தில் நின்று மூச்சு வாங்கச் சிரித்தார்.

அடுத்த முதல் வெள்ளிக்கிழமை அவர் வகுப்புக்குப் போனார். பட்டியலில் ஒரு விரலைக் கூட்டி, டாக்டர் கொடுத்த மாத்திரையை வெட்கப்படாமல் போட வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார். அன்றைக்குத்தான் அந்தத் தாத்தா பாட்டிகள் ஒவ்வொருவராகத் தங்கள் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார்களாம். ஆனால் எனக்கு இதிலெல்லாம் மனம் போகவில்லை. புதுக் கண்ணாடி வரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். வந்தால் கார்டைப் படிப்பார். படித்தால் நான் ஆண்டவர் பெயரில் பொய் சொன்னது தெரிந்துவிடும்.

வந்தேவிட்டது. அன்று எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தேன், அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார். அத்தை சேலம் போனதிலிருந்து வந்த வழக்கப்படி, ராத்திரி ஜெபத்துக்கு அப்பாவின் போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்திருந்தார்கள். சேலத்திலிருந்து அத்தை பாடிக்கொண்டிருந்தார். பெரியப்பா கண்ணாடியை மாட்டினார். சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்தார். விளக்குக்கு நேராகப் பிடித்து மேலே, கீழே, பின்னால் என்று நிதானமாகப் பார்த்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"என்னாண்ணே, எழுத்து தெரியுதா?" என்று போன் கேட்டது.

"நல்லாத் தெரியுது பாப்பா. குட்டி அன்னிக்கி வாசிச்சது அப்படியே இருக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மழைக் கார்டு அது, நானே பார்த்தேன். ஐயோ, பெரியப்பாவுக்கு ஆபரேஷன் சரியாகவில்லை. அன்றைக்கு முடிப்பு ஜெபம் என் முறை. நான் முழங்கால் போட்டுக் கண்ணை இறுக்க மூடி, உண்மையாகவே அழுதுகொண்டு ஜெபித்தேன்.

"ஆண்டவரே, பெரியப்பா கண்ணு இன்னும் சரியாவல. இல்லாததெல்லாம் இருக்குற மாதிரி தெரியுது. அவருக்கு நல்லாக் கண்ணு தெரியணும்பா."

அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து போனார். போனிலிருந்து அத்தை அழுகிற மாதிரி என்னவோ ஒரு சத்தம் விட்டு விட்டு வந்தது. பெரியப்பா மட்டும் வீடே அதிர ஆமென் சொன்னார். கார்டை ஜாடியில் போட்டு மூடினார், மாத்திரையைப் போட்டுக்கொண்டார், போய்ப் படுத்த கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்துவிட்டது. அவர் கண்ணுக்கு என்ன ஆகுமோ என்ற கவலையில் அன்று ராத்திரி எனக்குத்தான் வெகுநேரம் தூக்கம் வரவில்லை.